டிட்டோவின் சோசலிசம் தனியொரு மார்க்சியமா?

கேள்வி: யுகோஸ்லாவியாவில் டிட்டோவின் ஆட்சியில் உருவான முறையைச் சில பாடநூல்கள் ‘டிட்டோயிசம்’ என்று பெயரிட்டு, லெனினியம், மாவோயிசம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கின்றன. வேறு சில நூல்கள், அது மார்க்சிய-லெனினியத்தை ஒரு நாட்டின் சூழலுக்கேற்ப மாற்றிக்கொண்ட ஏற்பாடே தவிர, தனித் தத்துவம் அல்ல என்கின்றன. எதை ஏற்பது?
— அரசியல் அறிவியல் முதுகலை மாணவி, திருச்சி

பதில்: இந்தக் கேள்வியை டிட்டோவிடமே கேட்டிருந்தால் அவர் இரண்டாவது வகை நூல்களின் பக்கம் நின்றிருப்பார். மார்க்சிய-லெனினியத்தோடு தாங்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, அதைத் தங்கள் நாட்டு நிலைமைக்கு இசையக் கடைப்பிடிக்கிறோம் என்பதே 1948-இல் சோவியத் ஒன்றியத்தோடு ஏற்பட்ட பிளவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் சொல்லிவந்தது. ‘டிட்டோயிசம்’ என்னும் பெயரை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர்கள் அவருடைய எதிரிகள். 1949 செப்டம்பரில் புடாபெஸ்டில் லாஸ்லோ ராய்க், அவ்வாண்டு டிசம்பரில் சோபியாவில் டிரைச்சோ கோஸ்தோவ், 1952 நவம்பரில் பிராக் நகரில் ருடால்ஃப் ஸ்லான்ஸ்கி எனக் கிழக்கு ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் தலைவர்கள் அடுத்தடுத்துக் கூண்டில் ஏற்றப்பட்டபோது, டிட்டோவோடு சேர்ந்து சதி செய்ததாகவே அவர்கள் மீது வழக்கு ஜோடிக்கப்பட்டது. மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

டிட்டோவின் மறுப்பை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. தனித் தத்துவம் ஒன்று தங்களிடம் உண்டென்று அன்று அவர் சொல்லியிருந்தால், மாஸ்கோ சுமத்திய குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். குற்றஞ்சாட்டியவர்கள் வைத்த பெயரையும் நம்புவதற்கில்லை. யுகோஸ்லாவியாவின் தனி அடையாளமாக இன்று நாம் கருதும், ஆலையை நிர்வகிக்கத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் மன்றங்களில் ஒன்றுகூட, ராய்க் தூக்கிலிடப்பட்ட அந்த அக்டோபரில் தோன்றியிருக்கவில்லை.

ஆகவே, தலைவர் ஒப்புக்கொண்டாரா, பெயர் புழக்கத்தில் இருக்கிறதா என்பவற்றை விட்டுவிட்டு வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்ள வேண்டும். உற்பத்திச் சாதனங்கள் யாருக்கு உடைமை, உபரியைப் பங்கிடுவது யார், புரட்சிக்குப் பின் அரசு என்ன ஆகவேண்டும், மாற்றத்தைக் கொண்டுவரும் வர்க்கம் எது என்று மார்க்ஸ் எழுப்பிய கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு, அதுவரை இருந்த மரபு சொன்ன விடையினின்று வேறான விடையை, மார்க்சின் எழுத்திலிருந்தே நியாயம் காட்டி, பிற நாட்டவரும் எடுத்தாளக்கூடிய வடிவில் ஒரு போக்கு முன்வைக்குமானால், அதைத் தனி மார்க்சியப் போக்கு என்று நான் ஏற்பேன். அவ்வாறு இல்லாதபோது, எத்தனை மாநாடுகள் கூடி எத்தனை தீர்மானங்கள் போட்டாலும் அது ஓர் அரசின் கொள்கை மட்டுமே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் டிட்டோயிசம் என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருப்பது தெரியவரும். ஒன்று, மாஸ்கோவின் கட்டளைக்குப் பணியாத தேசியக் கம்யூனிசம். மற்றொன்று, ஆலையைத் தொழிலாளர்களே நடத்தும் தொழிலாளர் சுயநிர்வாகம். முதலாவது ஓர் அரசியல் நிலைப்பாடு. அதில் தத்துவம் ஏதும் இல்லை. இரண்டாவது தனிப் போக்கு.

1948-ஆம் ஆண்டுப் பிளவின்போது கோட்பாட்டு வேறுபாடு எதுவும் இருக்கவில்லை என்பதை உங்கள் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிச் சென்றுவிடும். பல்கேரியாவோடு கூட்டாட்சி அமைக்கும் யோசனை, அல்பேனியாவில் யுகோஸ்லாவியப் படைகளை நிறுத்தும் திட்டம், கிரேக்க உள்நாட்டுப் போரில் கொரில்லாக்களுக்குத் தந்த உதவி, சோவியத் ஆலோசகர்களை யுகோஸ்லாவிய உளவுப்பிரிவு கண்காணித்ததாக எழுந்த புகார் ஆகியவையே ஸ்டாலினின் கோபத்துக்குக் காரணங்கள். தன் நாட்டைப் பெரும்பகுதி தானே போரிட்டு மீட்ட ஒரு கட்சி, செம்படையின் தயவில் ஆட்சிக்கு வந்த கட்சிகளைப் போல் நடந்துகொள்ள மறுத்தது. 1948 ஜூன் 28 அன்று, சோவியத் தலைமையில் இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான காமின்ஃபார்மிலிருந்து அக்கட்சி வெளியேற்றப்பட்டது. தீர்மானத்தில் தேசியவாதம், பணக்கார விவசாயிகளுக்குச் சலுகை காட்டுதல் முதலிய குற்றங்கள் அடுக்கப்பட்டன. அதற்கு யுகோஸ்லாவியத் தலைமை காட்டிய எதிர்வினை வியப்பானது. அடுத்த மாதம் கூடிய ஐந்தாவது மாநாட்டில் ஸ்டாலினுக்கு வாழ்த்து முழங்கினார்கள். 1949 ஜனவரியில், பணக்கார விவசாயிகளுக்கு நாங்கள் வேண்டியவர்கள் அல்ல என்று காட்டுவதற்காகவே கூட்டுப்பண்ணைத் திட்டத்தை முன்னைவிட வேகமாக முடுக்கிவிட்டார்கள். தானியக் கொள்முதலிலும் கூட்டுப்பண்ணையிலும் காட்டப்பட்ட கெடுபிடி தாங்காமல் 1950 மே மாதம் போஸ்னியாவின் காசின் பகுதியில் விவசாயிகள் ஆயுதம் ஏந்தினார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் யுகோஸ்லாவியா ஸ்டாலினுக்கு அடங்காத ஒரு ஸ்டாலினிய நாடாகவே இருந்தது. தேசிய வகை என்று சொல்ல அப்போது எல்லாம் இருந்தது. தனித் தத்துவம் மட்டும் இல்லை.

மாற்றம் 1949 இறுதியில் தொடங்குகிறது. தங்களைத் துரோகிகள் என்ற சோவியத் அமைப்பு எதனால் இப்படி ஆனது என்று விளக்க வேண்டிய நெருக்கடி, கட்சியின் மூளைகளான எட்வர்ட் கார்டெல், மிலோவான் ஜிலாஸ், போரிஸ் கிட்ரிச் ஆகியோரை மார்க்சை மறுபடி படிக்க வைத்தது. ‘மூலதனம்’ நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஆலைகளைத் தொழிலாளர்களிடமே ஒப்படைக்கும் யோசனை தமக்குத் தோன்றியதாகவும், வீட்டு வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்தபடியே மற்ற இருவரிடமும் அதைச் சொன்னதாகவும், டிட்டோ முதலில் நம் தொழிலாளர்கள் இதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று தயங்கி, பிறகு ஆலைகள் தொழிலாளருக்கே என்பது மார்க்சியம்தானே என்று ஏற்றுக்கொண்டதாகவும் ஜிலாஸ் பின்னாளில் எழுதினார். நினைவுக்குறிப்பு எழுதுகிறவர்கள் தம்மை நடுவில் நிறுத்திக்கொள்வது வழக்கம் என்பதால், யார் முதலில் சொன்னது என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். 1949 டிசம்பர் 29 அன்று, ஸ்பிலிட் நகரை ஒட்டிய சோலின் என்னும் ஊரில் ஒரு சிமெண்ட் ஆலையில் முதல் தொழிலாளர் மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1950 ஜூன் 27 அன்று அது நாட்டுக்கே சட்டமானது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த வாதம் இது: தனியார் சொத்தை அரசு கையகப்படுத்துவது சோசலிசத்தின் முதற்படி மட்டுமே, அதுவும் கீழ்ப்படி. அந்தப் படியிலேயே நின்றுவிட்டால், முதலாளி இருந்த இடத்தில் அதிகாரி வந்து அமர்ந்து, உபரியைத் தொழிலாளியின் பெயரால் தானே பங்கிடத் தொடங்குவான். சோவியத் ஒன்றியத்தில் நடந்தது அதுதான். ஆகவே அரசு உதிர்ந்துபோவது தொலைதூர எதிர்காலத்துக்கு ஒத்திப்போட வேண்டிய காரியம் அல்ல, புரட்சியின் மறுநாளே தொடங்க வேண்டியது. ஸ்டாலின் 1930-இல் நடந்த பதினாறாவது கட்சி மாநாட்டில் இதற்கு நேர்மாறாக, அரசின் அதிகாரத்தை உச்சத்துக்கு வளர்ப்பதே அதன் மறைவுக்கு ஆயத்தம் செய்வது என்று வாதிட்டிருந்தார். ஒரே மார்க்ஸ், ஒரே எங்கெல்ஸ். அவர்களிடமிருந்து பெறப்பட்ட விடைகள் இரண்டு. யுகோஸ்லாவியர்கள் தமக்குச் சான்றாகக் காட்டிய, 1871-இல் பாரிஸ் தொழிலாளர்கள் அமைத்த ஆட்சியான பாரிஸ் கம்யூன் பற்றிய பகுதிகளை மார்க்ஸ் உண்மையிலேயே எழுதியிருக்கிறார். தங்கள் வசதிக்காக அவர்கள் இட்டுக்கட்டியவை அல்ல.

எனவே உங்களுக்கு என் விடை: டிட்டோயிசம் என்ற பெயரை ஓர் அரசியல் பட்டப்பெயராக வைத்துக்கொள்ளுங்கள்; சுயநிர்வாக சோசலிசம் என்பதைத் தனி மார்க்சியப் போக்காக எழுதுங்கள். நான்கு விடைகளில் ஒன்றுக்குக் கட்டம் நிரப்பச் சொல்லும் தேர்வாக இருந்தால், பாடநூல் சொன்னதையே நிரப்பிவிட்டு வாருங்கள். மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பேற்க இயலாது.

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் இருந்தவன் நான். யுகோஸ்லாவியாவில் தொழிலாளர்களே ஆலையை நடத்தினார்கள் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் நடத்தியது கட்சி என்றால், காகிதத்தில் இருந்ததைத் தத்துவம் என்று சொல்லலாமா?
— ஓய்வுபெற்ற தொழிற்சங்க நிர்வாகி, கோவை

பதில்: காகிதத்தில் இருந்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களும் ஊழியர்களும் இரகசிய வாக்கெடுப்பில் 15 முதல் 120 பேர் வரை கொண்ட மன்றத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆட்கள் குறைந்த சிறிய நிறுவனங்களில் அனைவரும் சேர்ந்ததே மன்றம். மன்றம் தன்னிடையே ஒரு சிறிய நிர்வாகக் குழுவை அமைக்கும். அதில் நான்கில் மூன்று பங்கினர் இயந்திரத்தின் அருகே நின்று வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தேர்தல். ஆனால் ஆலையின் இயக்குநரை மன்றம் நியமிக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் மேலிருந்தே அவர் வந்தார். நீங்கள் சந்தேகப்படும் இடம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது.

காலப்போக்கில் மன்றத்தின் கை ஓங்கியது என்பதும் உண்மை. கோட்பாட்டின் நோக்கில் இதில் முக்கியமானது சம்பளம். ஆலை தன் சரக்கைச் சந்தையில் விற்று, மூலப்பொருள் செலவும் வரிகளும் கழித்து எஞ்சுவதை மன்றம் இரண்டாகப் பிரிக்கும்: ஒரு பகுதி முதலீட்டுக்கும் குடியிருப்புக்கும் நலநிதிக்கும், மறுபகுதி உழைத்தவர்களுக்கு. உழைத்தவருக்குப் போவதைக் கூலி என்று கணக்கில் எழுதுவதே நின்றுபோய், அது அவருடைய தனிநபர் வருமானம் ஆயிற்று. உழைப்புச் சக்தி விற்கப்படும் சரக்காக இல்லாமல் போகவேண்டும் என்னும் மார்க்சின் எதிர்பார்ப்பைச் சம்பளப் பட்டியலிலேயே கொண்டுவர முயன்ற அரசு வேறெதையும் நான் அறியேன்.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வலுவான சான்று. 1958 ஜனவரியில் ஸ்லோவேனியாவின் டிர்போவ்லே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வருமானம் போதவில்லை என்று வேலையை நிறுத்தினார்கள். சுரங்கத்தின் நிர்வாகிகள் சட்டப்படி அவர்களேதான். யாரை எதிர்த்து இந்த வேலைநிறுத்தம்? கட்சித் தலைமையிடம் இதற்கு விடை இல்லை. விலையை நிர்ணயித்ததும் பெரிய முதலீடுகளை முடிவுசெய்ததும் மேலே இருந்தவர்கள் என்பதே நேர்மையான விடையாக இருந்திருக்கும். அதைத் தொடர்ந்து இத்தகைய நிறுத்தங்கள் பெருகின.

1965-இல் கொண்டுவந்த பொருளாதாரச் சீர்திருத்தம் ஆலைகளைச் சந்தைக்கு இன்னும் அதிகமாகத் திறந்துவிட்டது. போட்டியில் வென்ற ஆலையின் மன்றம் ஆள் சேர்க்க விரும்பவில்லை, ஏனெனில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் பங்கில் ஒரு கை வைப்பவர். தோற்ற ஆலையில் வேலை போயிற்று. 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பெரும்பாலும் மேற்கு ஜெர்மனியில், வெளிநாடுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுமார் 6,70,000 பேர். ஒரு சோசலிச நாட்டின் தொழிலாளி முதலாளித்துவ நாட்டில் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. யுகோஸ்லாவியா சோசலிச நாடுதானா என்ற தலைப்பிலேயே சீனக் கட்சி அதற்கு முன்பே, 1963 செப்டம்பரில், நீண்ட கட்டுரை எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்கு ஏற்றதொரு சான்றாகவே இந்நிலையைப் பலர் கண்டார்கள். இங்கே யுகோஸ்லாவியர்களின் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததையும் சொல்ல வேண்டும். பாரிஸ் கம்யூன் பற்றி எழுதும்போது மார்க்ஸ் கூட்டுறவுச் சங்கங்களை வரவேற்றது மெய்தான். ஆனால் அவை ஒன்றுசேர்ந்து ஒரு பொதுத் திட்டத்தின் கீழ் நாட்டின் உற்பத்தியை நெறிப்படுத்தும் என்பதையும் சேர்த்தே எழுதினார். சங்கங்களை எடுத்துக்கொண்டவர்கள் பொதுத் திட்டத்தின் இடத்தில் பெருமளவுக்குச் சந்தையை உட்காரவைத்தார்கள்.

அதைச் சரிசெய்யவே 1974-இல் 406 பிரிவுகள் கொண்ட அரசமைப்புச் சட்டமும், 1976-இல் அதைவிடப் பெரிய கூட்டுழைப்புச் சட்டமும் வந்தன. ஒரே ஆலை பல அடிப்படை அமைப்புகளாகப் பிரிக்கப்பட்டு, அவை தமக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இயங்க வேண்டும் என்றாயிற்று. உங்கள் சங்கத்தில் நூற்புப் பிரிவும் நெசவுப் பிரிவும் தனித்தனிக் கணக்கு வைத்து ஒன்றுக்கொன்று ரசீது எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

கட்சியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1952 நவம்பரில் சாக்ரெப் நகரில் கூடிய ஆறாவது மாநாட்டில் கட்சி தன் பெயரைக் கம்யூனிஸ்டுகளின் கழகம் என்று மாற்றி, ஆணையிடுவதை விட்டு வழிகாட்டுவதோடு நின்றுகொள்வதாக அறிவித்தது. அறிவித்த பதினான்கே மாதங்களில், கட்சியின் அதிகாரம் உண்மையிலேயே கரையட்டும் என்று நாளிதழில் தொடர்ந்து எழுதிய ஜிலாஸை மத்தியக் குழுவிலிருந்து நீக்கியது. அதற்கு முன்பே, ஸ்டாலின் ஆதரவாளர்கள் என்று ஐயப்பட்ட ஆயிரக்கணக்கானோர் கோலி ஓட்டோக் என்னும் பாறைத் தீவில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆலைக்குள் மன்றம், ஆலைக்கு வெளியே ஒரே கட்சி என்ற இந்த இரட்டை நிலை கடைசிவரை மாறவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அதை நான் தத்துவம் என்கிறேன். நடைமுறையில் பொய்த்துப்போனது தத்துவமே இல்லை என்றால், மார்க்சியப் போக்குகளில் தேறுபவை மிகக் குறைவு. என்னை அதிகம் கவர்வது வேறொன்று: அந்த ஆட்சியின் கூர்மையான விமர்சகர்கள் அந்தத் தத்துவத்தின் உள்ளிருந்தே வந்தார்கள். 1964-இல் சாக்ரெபில் தொடங்கிய ‘பிராக்சிஸ்’ இதழின் தத்துவப் பேராசிரியர்கள், சுயநிர்வாகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்ன சுயநிர்வாகம் ஆலை வாசலோடு ஏன் நின்றுபோயிற்று என்று கேட்டார்கள். 1968 ஜூனில் பெல்கிரேடு மாணவர்கள் சிவப்பு முதலாளி வர்க்கத்தை எதிர்த்து முழங்கியதும் அதே மொழியில்தான். 1975 ஜனவரியில் பெல்கிரேடு பல்கலைக்கழகத்தின் எட்டு ஆசிரியர்கள் வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெறும் பிரச்சாரமாக இருந்திருந்தால், அதை எழுத்துக்கு எழுத்து நம்பிய பேராசிரியர்களைக் கண்டு ஆட்சி அஞ்சியிருக்காது.

கேள்வி: மார்க்சியம் சர்வதேசத் தத்துவம். அதற்கு யுகோஸ்லாவியம், சீனம் என்று நாட்டு முத்திரை குத்துவதே முரண்பாடு அல்லவா? சோவியத் வழி பொதுவழி, மற்றவை கிளைகள் என்று வைத்துக்கொள்வதில் என்ன தவறு?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சோவியத் வழியும் ஒரு நாட்டு வழிதான் என்பதே தவறு. மேற்கு ஐரோப்பாவில் முதலாளித்துவம் தோன்றிய வரலாற்றைத் தாம் வரைந்ததை எல்லா மக்களுக்கும் விதிக்கப்பட்ட பொது வரலாற்றுத் தத்துவமாக மாற்றிவிடக் கூடாது என்று ஒரு ருஷ்ய இதழுக்கு 1877-இல் மார்க்சே கடிதம் எழுதினார். 1881-இல் ருஷ்யப் புரட்சியாளர் வேரா சசுலிச்சுக்கு எழுதிய கடிதத்தில் ருஷ்யக் கிராம சமுதாயம் அந்நாட்டின் சமூக மறுமலர்ச்சிக்கு ஊன்றுகோலாகக்கூடும் என்று ஏற்றுக்கொண்டார். எல்லா நாடுகளும் சோசலிசத்துக்கு வந்துசேரும், ஆனால் எல்லாம் ஒரே மாதிரியாக வரமாட்டா என்று 1916-இல் லெனின் எழுதினார். பின்தங்கிய விவசாய நாடொன்றில், எதிர்பார்த்த ஜெர்மன் புரட்சி வராமல் போன நிலையில், 1924 இறுதியில் ஸ்டாலின் முன்வைத்த ‘தனியொரு நாட்டில் சோசலிசம்’ என்பதைவிடத் தெளிவான தேசிய வகை எது? அதற்குப் பொதுமை என்ற அந்தஸ்து கிடைத்தது, அதை வைத்திருந்த நாடு உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் அமைப்பான மூன்றாம் அகிலத்தின் தலைமையிடமாக இருந்ததால்.

1955 ஜூன் 2 அன்று சோவியத் தலைவர் குருஷ்சேவின் குழு பெல்கிரேடில் கையெழுத்திட்ட அறிக்கை, சோசலிசத்தின் வடிவங்கள் வேறுபடுவது அந்தந்த நாட்டு மக்களின் விவகாரம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 1958-இல் லுப்லியானா மாநாட்டில் யுகோஸ்லாவியர்கள் தங்கள் புதிய வேலைத்திட்டத்தை வைத்தபோது சோவியத் கட்சி பேராளர்களை அனுப்ப மறுத்துவிட்டது. வடிவம் வேறாக இருக்கலாம், கோட்பாடு வேறாக இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். ஒரு போக்கு தனிக் கோட்பாடா என்று அறிய விரும்புகிறவர், மாஸ்கோ எதற்குக் கோபப்பட்டது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நாட்டு எல்லையைத் தாண்டிச் செல்லும் ஆற்றலுக்கு உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. விவசாயிகளைப் புரட்சியின் முதன்மைச் சக்தியாக வைத்து, நாட்டுப்புறத்திலிருந்து நகரங்களைச் சூழ்ந்துகொள்ளும் நீண்டகாலப் போர் என்ற மாவோவின் வழி, சீனச் சூழலிலிருந்து பிறந்ததுதான். ஆனாலும் 1964-இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டபோது நா. சண்முகதாசன் அந்த வழியைச் சீனாவுக்கு மட்டும் உரியதாகக் கருதவில்லை. மாவோ இறந்து பீஜிங் தன் பாதையை மாற்றிக்கொண்ட பிறகும் அவர் மாவோயிசத்தை விடவில்லை. பிறந்த நாடு கைவிட்ட ஒன்றை யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் பற்றி நிற்க முடிந்தது. அது வெறும் சீனக் கொள்கையாக இருந்திருந்தால் அப்படி நின்றிருக்க வழியே இல்லை.

கேள்வி: வடகொரியாவின் ‘ஜூச்சே’ மார்க்சியமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வடகொரியாவின் ஆட்சிக் கோட்பாடான ஜூச்சே தொடக்கத்தில் அப்படித்தான் அறிமுகமாயிற்று. 1955 டிசம்பர் 28 அன்று வடகொரியத் தலைவர் கிம் இல்-சுங் ஆற்றிய உரையில் அது சோவியத், சீன முறைகளைக் கண்மூடிப் பின்பற்றாமல் கொரியப் புரட்சியின் தேவைகளைப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரையாக மட்டுமே இருந்தது. 1972-ஆம் ஆண்டு அரசமைப்பு, மார்க்சிய-லெனினியத்தை நாட்டுக்கேற்பப் படைப்பூக்கத்துடன் கையாண்டதே ஜூச்சே என்றது. 1992-இல் திருத்தியபோது மார்க்சிய-லெனினியம் என்ற குறிப்பே நீக்கப்பட்டது. வரலாற்றை நகர்த்துவது வர்க்கப் போராட்டம் என்ற இடத்தில், தலைவரைச் சுற்றி ஒன்றுபட்ட மக்கள் என்ற கருத்து வந்து அமர்ந்துவிட்டது; தலைமை தந்தையிடமிருந்து மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. 1996-இல் அந்த மகன் கிம் ஜோங்-இல்லே, ஜூச்சேயைப் பொருள்முதல்வாத இயக்கவியலின் தொடர்ச்சியாக விளக்க முயன்ற தம் நாட்டு அறிஞர்களைக் கடிந்துகொண்டு, அது முற்றிலும் புதிய தத்துவம் என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம்: அது தனித் தத்துவம், ஆனால் மார்க்சியம் அல்ல.

கேள்வி: அப்படியானால் ‘சீனத் தன்மைகளுடன் கூடிய சோசலிசம்’ எந்தப் பட்டியலில் வரும்?
— வங்கி ஊழியர், சேலம்

பதில்: 1982 செப்டம்பரில் பன்னிரண்டாவது மாநாட்டின் தொடக்க உரையில் டெங் சியாவோபிங் இத்தொடரைச் சொன்னபோது அதற்குள் கோட்பாடு என்று அதிகம் இல்லை. நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகையாகப் பிரித்துக்கொடுப்பது, ஷென்ஜென் போன்ற கடலோரச் சிறப்பு மண்டலங்கள் ஆகியவை முன்பே நடைமுறைக்கு வந்திருந்தன; அவற்றுக்கான விளக்கம்தான் பின்னால் வந்தது. 1987-இல் பதின்மூன்றாவது மாநாட்டில் அப்போதைய கட்சித் தலைவர் ஜாவோ சியாங் அளித்த அறிக்கை அந்த விளக்கத்தைத் தந்தது: சீனா சோசலிசத்தின் தொடக்கக் கட்டத்தில் இருக்கிறது, இக்கட்டம் நூறு ஆண்டுகளாவது நீடிக்கும், உற்பத்திச் சக்திகள் வளராத நாடு சந்தையையும் பலவகை உடைமைகளையும் தாண்டிக் குதித்துவிட இயலாது. இது மார்க்சிய வாதமே. உற்பத்திச் சக்திகளின் நிலைதான் உற்பத்தி உறவுகளுக்கு எல்லை வகுக்கிறது என்பது மார்க்சின் அடிப்படை. ஆனால் புதியது அல்ல. தனியார் வணிகத்தை ஓரளவு அனுமதித்து லெனின் 1921-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்காக சோவியத் தலைவர்களில் ஒருவரான புகாரின் கட்டிய நியாயங்களை இது பெரிதும் ஒத்திருக்கிறது. டெங் 1926-இல் மாஸ்கோவில் மாணவராக இருந்தார். அந்தக் கொள்கை அப்போது உச்சத்தில் இருந்தது.

உபரியைப் பங்கிடுவது யார் என்ற கேள்விக்கு இத்தொடர் தரும் விடை, காலத்துக்குத் தக்கவாறு கட்சி முடிவு செய்யும் என்பதே. பிற நாடுகள் இதைப் பின்பற்ற வேண்டும் என்று சீனக் கட்சி கேட்பதும் இல்லை. எங்கள் நாட்டுக்கு உரியது என்று தலைப்பிலேயே வேலி போட்டிருக்கிறது. ஆகவே என் அளவுகோலின்படி அது மார்க்சியத்துக்குள் நிற்கும் ஓர் ஆட்சிக் கோட்பாடு. மாவோயிசத்தைப் போலவோ சுயநிர்வாக சோசலிசத்தைப் போலவோ தனிப் போக்கு அல்ல. சீனாவின் பொருளாதார வெற்றி இந்த முடிவை மாற்றாது, ஏனெனில் கேட்கப்பட்டது வெற்றியைப் பற்றிய கேள்வி அல்ல. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு. வளரும் நாடுகள் பலவும் சீனப் பாதையைக் கூர்ந்து படிக்கின்றனவே என்பது அவர்கள் வாதம். படிக்கின்றன, தொழிற்பேட்டை அமைப்பதையும் ஏற்றுமதியைப் பெருக்குவதையும் படிக்கின்றன. அதற்கு மார்க்ஸ் தேவைப்படவில்லை.

கேள்வி: யுகோஸ்லாவியா என்ற நாடே இப்போது இல்லை. சுயநிர்வாகம் அங்கேயே முடிந்துவிட்டதா, வேறெங்காவது பரவியதா?
— முதல் கேள்வியை அனுப்பிய அதே மாணவி

பதில்: பரவியது. 1963 மார்ச்சில் அல்ஜீரியாவின் பென் பெல்லா அரசு, ஐரோப்பியக் குடியேறிகள் விட்டுச்சென்ற பண்ணைகளையும் ஆலைகளையும் தொழிலாளர் குழுக்களிடம் ஒப்படைக்கும் ஆணைகளைப் பிறப்பித்தது. யுகோஸ்லாவிய முன்மாதிரியை நன்கு அறிந்த இடதுசாரி ஆலோசகர்கள் அதற்குத் துணை நின்றார்கள். 1965 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் பூமெடியன் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தக் குழுக்கள் படிப்படியாக அரசு அலுவலகங்களின் கீழ் வந்தன. பிரான்சில் 1970-இல் சி.எஃப்.டி.டி. என்னும் பெரிய தொழிற்சங்க சம்மேளனம் சுயநிர்வாகத்தைத் தன் இலட்சியமாக ஏற்றது. 1973-இல் பெசான்சோன் நகரில் மூடவிருந்த ‘லிப்’ கடிகார ஆலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றி, தாங்களே கடிகாரம் செய்து, தாங்களே விற்று, தாங்களே சம்பளம் எடுத்துக்கொண்டார்கள். டிட்டோவின் ஒரு கட்சி ஆட்சி வேண்டும் என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை.

பழைய யுகோஸ்லாவியாவிலோ, 1990 ஜனவரியில் கம்யூனிஸ்டுகளின் கழகத்தின் பதினான்காவது மாநாட்டிலிருந்து ஸ்லோவேனியப் பேராளர்கள் வெளிநடப்புச் செய்ததோடு கட்சி சிதறியது. அதைத் தொடர்ந்து வந்த தனியார்மயச் சட்டங்கள் சமூக உடைமையை ஒழித்தன. ஸ்லோவேனியா 1993-இல் கொண்டுவந்த ஊழியர் பங்கேற்புச் சட்டத்தில் தொழிலாளர் மன்றம் என்ற அமைப்பு மீண்டும் இடம்பெற்றது. ஆனால் அதன் அதிகாரம் கலந்தாலோசனையும் கண்காணிப்புக் குழுவில் சில இடங்களும். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட ஜெர்மானிய நிறுவனங்களின் கூட்டு முடிவெடுப்பு முறைக்கே அது நெருக்கமானது.